மில் வாசலில் வந்து நின்ற அமைச்சர்

மில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி ஷிப்டுக்கு வர முடியாது என்று சொன்ன ஏழெட்டுப் பேரை நிர்வாகம் வேலையை விட்டே எடுத்துவிட்டது. அவர்களைத் திரும்பச் சேர்க்கும்வரை ஒருத்தியும் உள்ளே போவதில்லை என்று சங்கத்தில் முடிவு. சங்கத் தலைவி லூர்தம்மாள்.

தொழிலாளர் துறை அமைச்சர் பேச்சிமுத்துவின் கார் அங்கே வந்து நின்றது. லேசுப்பட்ட ஆளில்லை அவர். இதே மில்லில் நூல் ஓட்டி, லூர்தம்மாளிடம் சங்க வேலை கற்று, மூன்று தேர்தல் ஜெயித்தவர். இன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கேட்டுக்கு உள்ளே மேனேஜர் மேடை போட்டு மைக் வைத்திருந்தார். கேட் கம்பிக்கு உள்பக்கம் நின்று அமைச்சர் நாலு வார்த்தை பேசினால், பெண்கள் எழுந்து வேலைக்கு வந்துவிடுவார்களாம். நினைப்பைப் பாருங்கள்!

அமைச்சர் நேரே லூர்தம்மாளிடம் வந்தார்.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் உள்ள அனுப்பணும். இல்லேன்னா ராஜினாமா பண்ணிட்டுப் போன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"அந்தப் பிள்ளைங்க வேலை?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்னு…"

"யாரு பேசுவா?"

அமைச்சர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நான் என்னக்கா செய்ய?"

லூர்தம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அமைச்சரின் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய், கேட்டுக்கு முதுகு இருக்கும்படி, பெண்களைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் பதறிப்போய் ஓடிவந்தார். "அம்மா, அமைச்சர் மேல கை வைக்காதீங்க!"

"இவனை இப்படி நிக்கப் பழக்குனதே நான்தான் சார். தள்ளி நில்லுங்க."

உண்மைதான். வாசல் கூட்டத்தில் யார் பேசினாலும் கேட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அந்தச் சங்கத்தில் அதுதான் வழக்கம். பேச்சிமுத்து முதல்முதலாகப் பேசிய அன்று மேனேஜர் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு உளறினார். அன்றைக்கும் அக்காதான் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டார் லூர்தம்மாள்.

"நீங்கல்லாம் தெரியுறீங்க."

"மேனேஜர்?"

"தெரியல."

"அப்பப் பேசு."

"இங்க நின்னு பேசினா பதவி போயிரும்க்கா" என்றார் அமைச்சர். "எவ்வளவு அலைஞ்சு வாங்குனது! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்கு ஓட்டுக் கேட்டு எங்க காலும்தான் தேஞ்சுது."

பெண்கள் சிரித்தார்கள். அமைச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளேயிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "சார், மைக் இங்க இருக்கு!"

அமைச்சர் திரும்பவில்லை.

லூர்தம்மாள் மறுபடி பெண்களோடு போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"பதவி போனா எங்க வருவ?"

"வேற எங்க? இங்கதான்."

"வந்துட்டியே. பேசு."