நறுமுகை கையில இடம் பத்தலை

இன்னும் வராத ஒரு காலத்துல, ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். பேரு தங்கப்பொண்ணு. ம் சொல்லுடி. சொல்லலேன்னா அத்தை பாதியிலேயே எழுந்து போயிடுவேன். ம்... அது!

அந்த ஊர்ல இல்லைங்கற பேச்சே இல்லை. வீட்டுக்கு வீடு சுவத்துல ஒரு பொட்டி. "இட்லி"ன்னா டொப்புனு இட்லி விழும். "பட்டுப்புடவை"ன்னா சர்ருனு புடவை வரும். அப்புறம் எவ எதுக்கு அடுத்த வீட்டுப் படி ஏறுவா? உறை மோருக்குக்கூட யாரும் யார் வீட்டுக்கும் போறதில்லை.

தங்கப்பொண்ணு மக நறுமுகைக்கு ஏழாம் மாசம். வளைகாப்புன்னா நாலு பொம்பளைங்க வந்து, சந்தனம் பூசி, வளையல் போடணும் இல்லையா? அந்தப் பொண்ணுக்கு அது ஒண்ணுதான் ஆசை. அப்போ தங்கப்பொண்ணு தெருவெல்லாம் போய்க் கூப்பிட்டா. "வாங்க, பாயசம் இருக்கு." "எங்க பொட்டியிலயும் இருக்குங்க"ன்னு டப்புனு கதவைச் சாத்திட்டாங்க.

மறுநாள் மறுபடி போனா. "வர்றவங்களுக்கெல்லாம் தங்க வளையல்!" "அட போங்க, எங்க வீட்டு நாய்க்கே தங்கச் சங்கிலிதான்." டப்பு!

அப்புறம் அவளுக்கு வந்துதே கோவம்! பொட்டிக்கு முன்னாடி இடுப்புல கை வச்சு நின்னு, "ஏழு பொம்பளைங்க குடு!"ன்னா. பொட்டி ங்ஙொய்ய்ய்னு சுத்துச்சு, கடகடன்னு ஆடுச்சு, பொம்பளைன்னா அதுக்கு என்ன தெரியும், தலை வார்ற சீப்பு ஏழைத் துப்புச்சு. சிரிக்காதேடி, பாவம் அவ.

நறுமுகை உக்காந்து அழுதா. "எனக்குன்னு ஒருத்தர்கூட வரமாட்டாங்களாம்மா? இந்தப் பொட்டிச் சோறும் எனக்கு வாய்க்குப் பிடிக்கலை. யாராவது கையால கிளறின புளிசாதம் ஒரு வாய் கிடைச்சா போதும்." தங்கப்பொண்ணு பிறந்ததுலேர்ந்து அடுப்பையே பார்த்ததில்லை. பெத்த வயிறு கேக்குமா? வெறுங்கையோட எதிர்வீட்டு ஜெயக்கொடிகிட்ட போனா. ஜெயக்கொடி யாரு தெரியுமா, தெருவே பயப்படற வாய்.

"மறுபடி அழைக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. கேக்க வந்தேன். எம் பொண்ணுக்கு உங்க கையால கொஞ்சம் புளிசாதம் வேணும்."

ஜெயக்கொடிக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டுச்சு. "எங்கிட்டயா கேக்கறீங்க? இந்த வயசு வரைக்கும் எங்கிட்ட யாரும் ஒண்ணுமே கேக்கலைங்க!"

அவ்வளவுதான். ஜெயக்கொடிகிட்ட புளிசாதம், மூலைவீட்டுல தேங்காசாதம், இன்னொருத்திகிட்ட எலுமிச்சை சாதம்னு வீடு வீடா போய்க் கேட்டா தங்கப்பொண்ணு. ஒருத்திகூட கதவைச் சாத்தலை. மறுநாள் பார்த்தா தெருவே தூக்குப் பாத்திரத்தோட வந்து நிக்குது! சிலது குழைஞ்சு, சிலது உப்பில்லாம. நறுமுகை சப்புக்கொட்டிச் சாப்பிட்டா. அப்புறம் கலகலகலன்னு ஆளுக்கொரு வளையல் போட்டாங்க. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் ரெண்டு கையும் ரொம்பிப் போச்சு.

ம் சொல்லு, தூங்கிட்டியா?... சரி.

அப்போ மூச்சு வாங்க ஓடி வந்தா ஜெயக்கொடி. ரெண்டு தடவை அடி பிடிச்சு மூணாவது தடவைதான் சாதம் சரியா வந்துதாம். கையில ஒரு பச்சை வளையல். போட இடமே இல்லை! அந்த ஊர்ல முதல் தடவையா ஒண்ணு பத்தாம போச்சு. ஜெயக்கொடி மூஞ்சி சின்னதா போச்சு.

நறுமுகை அவ கையைப் பிடிச்சு தன் வயித்து மேல வச்சா. "அழாதீங்கத்தை. உள்ளேர்ந்து இன்னும் ரெண்டு கை வருது. முதல் வளையல் நீங்கதான் போடணும்."

உடனே எல்லாரும், "அப்போ ரெண்டாவது கை எனக்கு!" "இல்லை, எனக்கு!"ன்னு ஒரே கூச்சல். குழந்தைக்கு ரெண்டே கை, தெருவுல நாப்பது வீடு! பத்தலை, பத்தலைன்னு சண்டை போட்டுக்கிட்டே விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம், வாசல் விளக்கு போடற வரைக்கும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகலையாம்.

அவ்வளவுதான் கதை. கண்ணை மூடு கண்ணு.