வரிசையில் நின்ற எண்ணெய்க் கிண்ணம்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டை ஒரு ராஜா ஆண்டான். பெயர் எதற்கு? மாதத்துக்கு ஓர் உத்தரவு போடுகிறவன், அது போதும். அந்த மாதத்து உத்தரவு இது: அரண்மனை வைத்தியரிடம் மருந்து வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கடைசிக்குப் போக வேண்டும்.

பூவாயிக்கு ஏழு வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. கிண்ணத்தோடு தைலத்துக்கு வருவாள். பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். கடைசிக்குத் துரத்துவார்கள். அவள் முறை வருவதற்குள் தைலம் தீர்ந்துவிடும். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நான்காம் வாரம் ராஜாவே வேடிக்கை பார்க்க வந்தான். பூவாயியின் அம்மா அலமேலு அவன் காலில் விழுந்தாள்.

வரிசை அதிகாரி மழவராயர் சிரித்தார். மந்திரி இளங்குமணன் நல்ல பெயர் வாங்கினால் இவருக்குச் சோறு இறங்காது.

"வீக்கம் இல்லை, காயம் இல்லை. நடிப்பு, மகாராஜா! இதற்கும் நம் மந்திரி பரிந்து பேசுவார், பாருங்கள்."

"மந்திரி, நடிப்பில்லை என்று காட்டும்" என்றான் ராஜா. "காட்டாவிட்டால் இந்தப் பெண் இனி இங்கே வரக் கூடாது. என் உத்தரவும் மாறாது."

"ராயரே, கால் ஜோட்டைக் கழற்றுங்கள்" என்றார் மந்திரி. ஒவ்வொன்றிலும் இரண்டு கொண்டைக்கடலை போட்டார். "மாட்டிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். பத்துப் பேர் நகரட்டும்."

மூன்று பேர் நகர்ந்தார்கள். ராயர் நெளிந்தார். ஐந்தாவது ஆள் நகர்ந்ததும் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னய்யா இது? வீக்கம் இல்லை, காயம் இல்லை!" என்றான் ராஜா. வரிசையே சிரித்தது.

"சரி, வலி நிஜம். ஆனால் உத்தரவு உத்தரவுதான்" என்றான் ராஜா.

மந்திரி அலமேலுவிடம் திரும்பினார். "கோடையில் கிணற்றடியில் எப்படியம்மா வரிசை?"

"குடத்தை வெச்சிட்டு நிழல்ல உக்காருவோம் சாமி. கால் கடுக்க யாரு நிப்பா?"

"கேட்டீர்களா மகாராஜா? பூவாயி கிண்ணம் நிற்கட்டும். அது எங்கே உட்காரப் போகிறது!"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "நிற்கட்டும்! எல்லார் கிண்ணமும் நிற்கட்டும்! ஆனால் யார் நகர்த்துவது?"

கேட்டுக்கொண்டே ராயரைப் பார்த்தான்.

ராயர் குனிந்து ஒவ்வொரு கிண்ணமாகத் தள்ளினார். புன்னை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பூவாயி கத்தினாள்:

"மெதுவா மாமா! முன்னாடி கிண்ணத்தை இடிக்காதீங்க!"

அன்று பூவாயிக்குக் கிண்ணம் நிறையத் தைலம். மந்திரிக்கு ராஜாவின் முத்துமாலை. ராயருக்கு? நான்கு கடலையும் அவருக்கே.