இத்தாலிக் காரின் இடப்பக்கக் கண்ணாடி

ஒரு காரின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளுக்கும் புதுக் கண்ணாடி ஏறிய நாளுக்கும் இடையில் நான்கு பேர் தலைகுனிந்த கதை இது. முடிவில் உங்களை ஒன்று கேட்பேன். யார் என்ன செய்தார்கள், எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன் நவநீதன். அவனுக்கு நாமக்கல்லில் பெண் பேசினார்கள். பெண் கோகிலவாணி, பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா கருப்பண்ணன், லாரிகளுக்குக் கண்ணாடி மாட்டும் கடை வைத்திருந்தார். முதலில் பையன் மட்டும் வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நவநீதனின் பள்ளித் தோழன் ஜோதிராஜ், மோட்டார் பம்பு தொழிற்சாலை முதலாளி. "முதல் தடவை போறே. என் வண்டியில போடா" என்று சாவியை அவன் கையில் திணித்தான். மேற்கூரை மடங்கும் சிவப்பு இத்தாலிக் கார். இரண்டு பேர்தான் உட்கார முடியும்.

நாமக்கல்லில் தெருவே கூடி நின்று பார்த்தது. "வண்டி உங்களுதுங்களா?" என்று கருப்பண்ணன் கேட்டார். நவநீதன் சிரித்தான். அவன் சொன்ன பொய் அந்தச் சிரிப்புதான்.

கிளம்பும்போது கருப்பண்ணன் ஒரு பித்தளைத் தாம்பாளம் நிறையப் பழம் வைத்து, தாமே கொண்டுவந்து இடப்பக்க இருக்கையில் வைக்கப் போனார். கூரை திறந்திருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது. சுற்றிலும் சட்டமில்லாத கண்ணாடி. தாம்பாளத்தின் விளிம்பு அதன் மேல்விளிம்பில் இடித்ததும் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

"கண்ணாடிக்காரன் கையாலயே உடைஞ்சு போச்சே!" என்று அவர் கூசிப்போனார். "புதுசு நானே தருவிச்சு நானே மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டுங்க."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நவநீதன் சரியென்று தலையாட்டினான். ஊருக்கு வந்து தோழனிடம் சொன்னபோது ஜோதிராஜ் கோபப்படவில்லை. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான்.

அளவு பார்த்து வெட்டி மாட்டுகிற கண்ணாடி இல்லை அது. வெளிநாட்டிலிருந்து வர வாரங்கள் ஆயின. மாட்டும் நாளில் ஜோதிராஜும் கூட வந்தான். கதவைத் திறந்தால் கண்ணாடி தானே சற்று இறங்கும், மூடினால் ஏறிக் கூரையோடு பொருந்தும். சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, பழகிய ஆள் வேண்டும்.

வாசலில் கருப்பண்ணன், "இவரு யாருங்க?" என்றார். நவநீதன் ஜோதிராஜைத் திரும்பிப் பார்த்தான்.

"டிரைவருங்க" என்றான் ஜோதிராஜ், தானாகவே.

அதற்குப் பிறகு கருப்பண்ணன் அவனை டிரைவராகவே நடத்தினார். கதவின் உள்பலகையைக் கழற்றினார். "ஏப்பா, சும்மா நிக்காம உள்ள விழுந்த சில்லையெல்லாம் பொறுக்கு" என்றார். ஜோதிராஜ் கதவின் பள்ளத்துக்குள் கைவிட்டுப் பொறுக்கினான். விரலில் இரத்தம் வந்தது. "அன்னிக்கு நீ வண்டியோட வந்து நின்னிருந்தா இது உடைஞ்சிருக்குமா? சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுது" என்று திட்டினார்.

"தப்புதாங்க" என்றான் ஜோதிராஜ். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக் கண்ணாடியைக் கதவுக்குள் இறக்கிப் பிடிப்புகளை முடுக்கியபோது மதியமாகிவிட்டது. நவநீதனுக்குக் கூடத்தில் தலைவாழை இலை. டிரைவருக்குப் பின்கொட்டகையில், பழைய டயர்களுக்கு நடுவே, ஒரு தட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் கோகிலவாணி. ஜன்னல் வழியே நவநீதன் பார்த்தான். காயம்பட்ட விரலை மடக்கிக்கொண்டு ஜோதிராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

நவநீதனுக்கு வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை. எழுந்து கொட்டகைக்கே போனான். கருப்பண்ணன் பதறிப் பின்னால் வந்தார்.

"அவன் டிரைவர் இல்லீங்க. முதலாளி. நூறு பேருக்குச் சம்பளம் குடுக்கறவன். வண்டி அவனோடது. அவனைப் போய் இப்படி உக்கார வச்சுட்டேன்" என்றான்.

ஜோதிராஜ் தட்டைக் கீழே வைத்தான். "காலையிலிருந்து நான் எதுக்குடா இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன்? இப்ப என்னையும் பொய்யனாக்கி நிறுத்திட்டியே" என்றான்.

கருப்பண்ணன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "பெரிய மனுசருன்னு தெரியாமப் போச்சுங்க. மன்னிச்சுக்கணும். உள்ள வாங்க, இலை போடச் சொல்றேன்."

கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள். "நிஜமாவே டிரைவரா இருந்திருந்தா, டயருக்கு நடுவுல உக்கார வச்சுச் சோறு போட்டது சரிங்களாப்பா? தட்டைக் கொண்டாந்து குடுத்தவ நான். எனக்கும் தோணலையே."

கருப்பண்ணனின் கூப்பிய கை அப்படியே நின்றது. விருந்தாளிகள் முன்னால் மகள் அவரை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

யாரும் சாப்பிடவில்லை. கருப்பண்ணன் போய் மீதி வேலையை முடித்தார். ஜோதிராஜ் பொத்தானை அழுத்தினான். கண்ணாடி ஏறிச் சத்தமில்லாமல் கூரையோடு பொருந்தியது.

இப்போது சொல்லுங்கள். நண்பனின் மானத்துக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு பொய் சொன்னான் ஜோதிராஜ். அந்த உதவியையே உடைத்து உண்மையைச் சொன்னான் நவநீதன். செய்த தவறுக்கு உடனே கைகூப்பினார் கருப்பண்ணன். பெற்றவரை அந்நியர் முன் கேள்வி கேட்டாள் கோகிலவாணி. இதில் யார் செய்தது சரி?

கோகிலவாணி செய்ததுதான் சரி. ஜோதிராஜின் பொய் அன்பினால் வந்தது, ஆனாலும் நவநீதன் சொல்ல வேண்டியதை அவனைச் சொல்லவிடாமல் செய்தது. நவநீதன் உண்மையைச் சொன்னான். ஆனால் முதலாளியை அங்கே உட்கார வைத்துவிட்டோமே என்றுதான் அவன் துடித்தான். கருப்பண்ணன் மன்னிப்புக் கேட்டதும் பெரிய மனிதரிடம்தான். உண்மையான டிரைவர் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால், அந்தச் சோறு நவநீதனுக்குத் தொண்டையில் இறங்கியிருக்கும். அவள் ஒருத்திதான், அங்கே இல்லாத அந்த டிரைவருக்காக வெட்கப்பட்டாள், தன்னையும் சேர்த்துக்கொண்டு. சில நாள் கழித்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். நவநீதன் ஏன் என்று கேட்கவில்லை.