இருபத்து நான்காவது கையெழுத்து

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. கடலூரில் நடந்த புயல் முன்னெச்சரிக்கைப் பயிற்சியின் டீ இடைவேளையில் இசக்கியப்பன் சார் சொன்னது. சார் வரைபடம் கற்பிக்கிறவர். மலாவி நாட்டில், ஏரிக்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், இரண்டு வாரக் குறுகியகாலப் பயிற்சி ஒன்றுக்குப் பாடம் எடுக்கப் போயிருந்தார். இதில் வரும் பேச்சுகளில் சில அவர் காதால் கேட்டவை. சில, அந்தப் பயிற்சியின் ஆசிரியர் பின்னால் அவரிடம் சொன்னவை. எது எது என்று நான் பிரித்துக் காட்ட முடியாது.

பயிற்சி, பேரிடர் அபாயத்தைக் குறைப்பது பற்றியது. பல மாவட்டங்களிலிருந்து இருபத்து நான்கு அலுவலர்கள் வந்திருந்தார்கள். ஆசிரியர் பெயர் லுஹாங்கா. வயது முப்பத்து நான்கு. வகுப்பில் அவரைவிட இளையவர்கள் மூன்றே பேர்.

அந்த நாட்டில் மரியாதைக்கு ஆண்களை ‘பாம்போ’ என்றும் பெண்களை ‘மாயி’ என்றும் அழைப்பார்கள். பாம்போ என்றால் அப்பா. மாயி என்றால் அம்மா. ஐம்பத்திரண்டு வயதான கச்சிங்வே, மகள் வயதுள்ள ஆசிரியரை மாயி என்றார். ஆசிரியர் அவரைப் பாம்போ என்றார்.

கச்சிங்வே ஓர் ஆற்றங்கரை மாவட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எழுத்தராக வேலை செய்தவர். அங்கே வெள்ள அதிகாரி பதவி காலியாக இருந்தது. அவருக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். இந்தப் பயிற்சியின் சான்றிதழ் மட்டும் வேண்டும். அது இல்லாவிட்டால், பட்டம் முடித்து இரண்டு வருடமே ஆன இன்னொருவருக்குப் பதவி போய்விடும்.

சான்றிதழுக்கு ஒரே விதி. பத்து நாளும், காலையிலும் மதியத்திலும், வருகைத்தாளில் கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடையாது.

“நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா, மாயி?” என்று முதல் நாளே ஒருவர் கேட்டார். அவர் ஹராவா. கச்சிங்வேயின் பக்கத்து மாவட்டத்துக்காரர். அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்துப் போட மாட்டார்கள், பாம்போ. கையைத் தூக்கி ‘உள்ளேன்’ என்பார்கள். உங்களுக்கு எது வசதி?”

வகுப்பு சிரித்தது. தாள் சுற்றி வந்தது.

இரண்டாம் நாள் நிலநடுக்கப் பாடம். அந்தப் பக்கம் நிலம் அவ்வப்போது அசையும். லுஹாங்கா கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். அசைந்த கட்டிடத்துக்குள் யாரும் திரும்பிப் போகக் கூடாது.

“செல்போன் உள்ளே இருந்தால்?” என்றார் ஹராவா.

“இருக்கட்டும்.”

“புது செல்போன், மாயி.”

“அதைத் தேடிப் போகிறவர் பழைய ஆள். அவருக்குப் பதில் புதிதாக ஒருவர் கடையில் கிடைக்க மாட்டார்.”

கச்சிங்வே கை தூக்கினார். “உள்ளே ஆள் இருந்தால்?”

“எத்தனை பேர், எந்த அறை என்று மீட்புப் படையிடம் சொல்ல வேண்டும். நாம் போகக் கூடாது.”

“மீட்புப் படை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?”

“மூன்று மணி நேரம்.”



எட்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் ஹராவா கச்சிங்வேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, மீன்.” அண்ணே என்பது சார் சொன்ன சொல். அவர்கள் மொழியிலும் அப்படி ஒன்று உண்டாம்.

“என்ன மீன்?”

“உசிப்பா.” அது அந்த ஏரியின் பொடிமீன். நம் ஊர் நெத்திலிபோல வெயிலில் காயவைத்து விற்பார்கள். “ஏரிவரைக்கும் வந்துவிட்டு உசிப்பா இல்லாமல் போய் நின்றால் என் மனைவி கதவைத் திறக்க மாட்டாள்.”

“வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்.”

“வெள்ளிக்கிழமை எல்லோரும் வாங்குவார்கள். மண்தான் மிஞ்சும். இன்றைக்கு இரண்டு மணிக்கு நல்ல மீன் கரைக்கு வருகிறது. சொல்லி வைத்திருக்கிறேன்.”

“இரண்டு மணிக்கு வகுப்பு.”

“அதனால்தானே அண்ணனிடம் வந்தேன்.”

கச்சிங்வே வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு, “எனக்கு மூன்று கிலோ” என்றார்.

மதிய வகுப்பில் தாள் வந்தது. கச்சிங்வே தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். ஹராவாவின் பெயருக்கு எதிரேயும் போட்டார். இடப்பக்கம் சாய்ந்த பெரிய எழுத்து, அடியில் வால்போல் ஒரு கோடு. அது நன்றாகவே வந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, “அசலைவிட அழகு” என்றார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. அப்புறம் தரை ஆடியது. சொல்லிக்கொடுத்தபடி எல்லோரும் மேசைக்கு அடியில் போனார்கள். ஆட்டம் நின்றதும், சொல்லிக்கொடுத்தபடியே வரிசையாக மைதானத்துக்கு வந்தார்கள். பையை யாரும் எடுக்கவில்லை. சிலர் காலில் செருப்பு இல்லை. லுஹாங்கா கடைசியாக வந்தார். அவர் கையில் வருகைத்தாள் இருந்தது.

கட்டிடம் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கச் சுவரில் மட்டும் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல்.

லுஹாங்கா ஆட்களை எண்ணினார். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று. தாளைப் பார்த்தார். இருபத்து நான்கு.

பெயர்களைப் படித்தார். ஹராவா என்றபோது பதில் வரவில்லை.

“பாம்போ ஹராவாவைப் பார்த்தது யார்?”

பக்கத்து இருக்கைக்காரர் கச்சிங்வேயைப் பார்த்தார். கச்சிங்வே தரையைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். சொன்னால் சான்றிதழ் போகலாம். சான்றிதழோடு பதவி போகும். இருபத்து இரண்டு பேர் முன்னால் இந்த வயதில் தலைகுனிய வேண்டும். மாயி வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தாராம்.

லுஹாங்கா தாளை அருகில் நின்றவரிடம் கொடுத்தார். “என் பின்னால் யாரும் வரக் கூடாது” என்றார். வாசலில் நிற்காமல் உள்ளே போனார்.

உள்ளிருந்து குரல் கேட்டது.

“பாம்போ ஹராவா!”

ஒரு கதவு திறந்தது.

“பாம்போ ஹராவா!”

இன்னொரு கதவு. குரல் தள்ளித் தள்ளிப் போனது. கழிப்பறைகள் கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தன, விரிசல் விட்ட சுவரை ஒட்டி.

கச்சிங்வே எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று சாரிடம் கேட்டேன். தான் கடிகாரம் பார்க்கவில்லை என்றார். பத்து மூச்சு இருக்கலாமாம்.

பிறகு கச்சிங்வே உள்ளே ஓடினார்.

“மாயி! அவன் உள்ளே இல்லை! கையெழுத்து நான் போட்டது! வெளியே வாருங்கள், மாயி, நான் போட்டது!”

மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

இரண்டு பேரும் வெளியே வந்து புல்லில் கால் வைத்த பிறகு தரை இன்னொரு முறை லேசாக ஆடியது. கழிப்பறைப் பக்கம் ஏதோ சரிந்து விழும் சத்தம் வந்தது. என்னவென்று பார்க்க யாரும் போகவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஹராவா தோளில் ஒரு சாக்குப்பையோடு வந்தார். மீன் வாசம் அவருக்கு முன்னால் வந்தது.

“என்ன, எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள்? கரையில் லேசாக ஆடியது, இங்கேயும் ஆடியதா? அண்ணே, உங்கள் மூன்று கிலோ…”

யாரும் பேசாததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

லுஹாங்கா அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது என்றார் சார். பிறகு, “இருபத்து நான்கு” என்றார். 

மறுநாள் காலை மைதானத்தில் நாற்காலி போட்டு வகுப்பு. மற்றவர்கள் வரும் முன்பே கச்சிங்வே வந்துவிட்டார்.

“மாயி, ஒரு கேள்வி.”

“கேளுங்கள், பாம்போ.”

“திரும்பிப் போகக் கூடாது என்று பலகையில் எழுதியது நீங்கள். நேற்று நீங்களே ஏன் போனீர்கள்?”

“அது என் தவறு. அறிக்கையில் எழுதிவிட்டேன்.”

“தவறென்று தெரிந்துமா போனீர்கள்?”

“உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தீர்கள்.”

 

“என் சான்றிதழ்?” என்றார் கச்சிங்வே.

“ஹராவா நேற்று மதியம் வரவில்லை. அவருக்குக் கிடையாது. நீங்கள் வந்திருந்தீர்கள். உங்கள் கையெழுத்து உண்மை. உங்களுக்கு உண்டு. இன்றைக்கும் நாளைக்கும் வந்தால் போதும்.”

“அவ்வளவுதானா?”

“விதியில் வேறு ஒன்றும் இல்லை.”

திட்டுவார் என்று வந்தவருக்கு அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்றைய பயிற்சி வேலை, ஒவ்வொருவரும் தங்கள் மாவட்டத்து வெள்ளப் பட்டியலை எடுத்து விளக்குவது. எந்த ஊரில் எத்தனை பேர், எந்த ஊருக்கு எத்தனை படகு. கச்சிங்வேயின் பட்டியலில் பதினான்கு ஊர்கள் இருந்தன. அவர் முறை வந்தபோது எழுந்து நின்றார். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“படியுங்கள், பாம்போ.”

“இதை எழுதியது நான், மாயி.”

“தெரிகிறது. அழகான எழுத்து.”

“ஆறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். போன வருடத்துப் பட்டியலைப் பார்த்து இந்த வருடத்துக்கு எழுதுவேன். தலைப்பில் தேதியை மட்டும் மாற்றுவேன். எந்த ஊருக்கும் போய் எண்ணவில்லை.”

 இரண்டு பேர் தங்கள் பட்டியலை மெதுவாக மடித்து வைத்தார்கள் என்றார் சார்.

“மழை எப்போது தொடங்கும்?” என்று லுஹாங்கா கேட்டார்.

“இரண்டு வாரம் இருக்கிறது. ஊருக்கு ஒரு நாள் என்றால் பதினான்கு நாள்.”

“உங்கள் பக்கம் பஸ் எப்போது?”

“வாரத்துக்கு இரண்டு. நாளைக் காலை ஏழு மணிக்கு ஒன்று. அதை விட்டால் செவ்வாய்க்கிழமை.”

லுஹாங்கா தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நாளைதான் பத்தாம் நாள். சான்றிதழ் கொடுப்பது மாலை நான்கு மணிக்கு.

இடைவேளையில் ஹராவா வந்தார். சான்றிதழ் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் மீன் நல்ல மீன்.

“அண்ணே, நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள். நாளைக்கு உங்கள் கையெழுத்தை நான் போடுகிறேன்.”

கச்சிங்வே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“சும்மா சொன்னேன் அண்ணே. அப்படிப் பார்க்காதீர்கள்.”

மறுநாள் ஆறரை மணிக்கு லுஹாங்கா மைதானத்தில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். கச்சிங்வே பையோடு வந்தார். அவரும் நான்கு நாற்காலிகளை வரிசையில் வைத்துக் கொடுத்தார்.

“மாயி, இன்றைக்கு என் பெயருக்கு எதிரே என்ன எழுதுவீர்கள்?”

“வரவில்லை என்று.”

“எதற்காகப் போனேன் என்று?”

“தாளில் அதற்கு இடம் இல்லை, பாம்போ.”

“சரி.”

சாலைப் பக்கம் நடந்தார். பாதி மைதானம் போய்த் திரும்பி வந்தார்.

“சான்றிதழ் இல்லாவிட்டால் பதவி இல்லை. புது அதிகாரி இந்தப் பட்டியல் எழுதும் வேலையைக்கூட என்னிடம் விடமாட்டார். பதவி இல்லாத ஓர் எழுத்தன் ஊர் ஊராகப் போய் எண்ணிக்கொண்டு வந்து நீட்டினால், யார் வாங்குவார்கள், மாயி?”

லுஹாங்கா அடுத்த நாற்காலியை விரித்தார்.

“படகுக்காரர்கள்” என்றார்.

 கச்சிங்வே பையைத் தோள் மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. அவரிடம் முகவரி வாங்கி அந்த மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து, பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டையும் படம் எடுத்து அனுப்பினார்கள். புதியதன் அடியில் ‘கச்சிங்வே, எழுத்தர்’ என்று இருக்கிறது. பழைய பட்டியலில் நான்காவது ஊருக்கு எதிரே தொண்ணூற்றாறு பேர், முதலில் அனுப்ப வேண்டிய படகுகள் இரண்டு என்று எழுதியிருக்கிறது. புதியதில் அதே ஊருக்கு எதிரே, ஆற்றின் போக்கு மாறி நான்கு வருடமாகிறது, ஊரில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறது.