பூவராகன் பிடித்த ஏழு மலைகள்

நாவலூர்ச் சீமையை விசயகேது என்றொரு ராஜா ஆண்டார். தினமும் சபை கூடியதும் கட்டியக்காரர் அவருடைய மெய்க்கீர்த்தியை, அதாவது ராஜா எதையெல்லாம் ஜெயித்தார் என்ற புகழ்ப்பாட்டை, ராகம் போட்டுப் படிப்பார். முதல் வரி காதில் விழுந்ததும் சங்கு ஊத வேண்டும், எல்லோரும் எழுந்து கைகூப்ப வேண்டும். ஊதினார்கள், கூப்பினார்கள். அவர் என்ன படிக்கிறார் என்று கவனித்தவர் மட்டும் ஒருவருமில்லை.

அந்த வருஷம் பெரிய ஏரிக்கு மடைக்காவலர் வேலை காலியானது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. சமயத்தில் மடையைத் திறக்கத் தெரியாதவன் வந்து உட்கார்ந்தால் கரை உடைந்து ஊரே மிதக்கும். வேலை வேண்டுகிறவர்கள் தங்கள் தகுதியை ஓலையில் எழுதித் தரவேண்டும் என்று பறையறைந்தார்கள்.

வந்து குவிந்தன மனுக்கள். அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! ஒருவர் எட்டாம் பாட்டனார் வரைக்கும் வம்சத்தை எழுதிவிட்டுத் தன் பெயரை விட்டுவிட்டார். இன்னொருவர் தனக்கு வீணை வாசிக்க வரும் என்றார். ஏரியில் யாருக்கு வாசிப்பாரோ! வேறொருவர் முன்பு யானைக் கொட்டாரத்துக்குப் போட்ட மனுவையே திருப்பி அனுப்பியிருந்தார். யானைகளைக் கண்போலக் காப்பேன் என்று அதில் சத்தியம் வேறு.

மந்திரி அரங்கேசர் தன் மைத்துனன் பூவராகனின் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டு நூல், தந்தப் பலகை, அவ்வளவு கனம்.

"இத்தனை தகுதி உள்ளவன் சீமையிலேயே கிடையாது, மகாராஜா!"

ராஜா கட்டைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

சபையில் சொக்கநம்பி என்று ஒருவர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. "ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுக்கலாமே" என்றார்.

மந்திரிக்கு முகம் கடுகடுத்தது. "இதில் குற்றம் கண்டுபிடிப்பாரோ? முடியாவிட்டால் ஏரிக்கரையில் என் மைத்துனனுக்கு எடுபிடியாகப் போகட்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் பிடிக்கும். "அப்படியே ஆகட்டும். நம்பி, கட்டை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளைக்குச் சபையில் சொல்லும்."

மறுநாள் பூவராகனும் சபைக்கு வந்திருந்தான். மெய்க்கீர்த்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நம்பி எழுந்தார். "மகாராஜா, நான் வாய் திறப்பதாக இல்லை. இந்த மனுவைக் கட்டியக்காரர் குரலில் கேட்டால்தான் அருமை தெரியும்."

"படிக்கட்டும், படிக்கட்டும்!" என்றார் மந்திரி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டியக்காரர் கட்டைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். பழகிய ராகம் தானாக வந்தது.

"ஏழ்மலை நாடும் இருகடற் கரையும்
தாழ்வறக் கொண்டு தனிக்குடை நிழற்றி..."

சங்கு முழங்கியது. சபை மொத்தமும் சடாரென எழுந்து கைகூப்பியது. எல்லோருக்கும் முந்தி எழுந்தவர் மந்திரிதான்.

"...ஆண்டருளும் பூவராகன் எழுதிக்கொள்ளும் மனு" என்று முடித்தார் கட்டியக்காரர்.

கூப்பிய கைகள் கூப்பியபடி நின்றன. குடை பிடிப்பவன் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் தவித்தான். தனக்குத்தான் மரியாதை என்று நினைத்த பூவராகன் கையைத் தூக்கி எல்லோரையும் ஆசீர்வாதம் பண்ணினான்.

"அடே! இது என்னுடைய மெய்க்கீர்த்தி அல்லவா?" என்று அதிர்ந்தார் ராஜா.

நம்பி பூவராகனிடம் பணிவாகக் கேட்டார். "ஏழு மலைகளை எப்போது பிடித்தீர், ஐயா?"

"மலையா? எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குமே!"

"இரண்டு கடல்?"

"ஐயையோ, தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். நல்ல கனமாக ஒன்று எழுதிக் கொடு என்று கடைத்தெரு எழுத்தனிடம் சொன்னேன். அவன் கோயில் சுவரில் வெட்டியிருந்ததைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். நான் எங்கே படித்தேன்?"

மந்திரி பாய்ந்து வந்தார். "மகாராஜா, மனு என்றால் இதெல்லாம் சகஜம். சும்மா அலங்காரம். இந்த வரிகளை எந்த முட்டாளாவது நம்புவானா?"

சொன்ன பிறகுதான் அவை யாருடைய வரிகள் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மந்திரியாரே சொல்லிவிட்டார். இனி நான் என்ன சொல்ல?" என்றார் நம்பி. கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஒற்றை ஓலையை எடுத்துப் படித்தார்.

"சின்ன ஏரியில் மடை பார்க்கிறேன். ஒரு மழையில் தாமதமாகத் திறந்து கரை உடைந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் கரையில்தான் படுக்கை. கரையில் மாடு கட்டுகிறவர்களோடு சண்டை போடுவேன். என்மேல் நிறையப் பிராது உண்டு. இப்படிக்கு, வெள்ளைக்கண்ணு."

"அந்தச் சண்டைக்காரனைக் கூப்பிடுங்கள்! அவனுக்குத்தான் வேலை. எடுபிடிக்கு மந்திரியாரும் மைத்துனரும் போவார்கள்" என்றார் ராஜா.

சபை கலைந்தது. ராஜா நம்பியை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளதைச் சொல்லும், நம்பி. அந்த ஏழு மலையை நானும் பிடித்ததாக ஞாபகம் இல்லையே. இத்தனை காலம் ஒருவர்கூடக் கேட்கவில்லையே?"

"எப்படிக் கேட்பார்கள், மகாராஜா? தாங்கள்தான் ராஜா வேலைக்கு மனுவே போடவில்லையே!"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். மறுநாள் மெய்க்கீர்த்தியில் ஏழு மலைகளையும் காணோம்.