எங்கப்பனே வந்தாலும்

மாநகராட்சி ஆணையர் தணிகாசலம் பழைய படித்துறையை இடித்து, ஆற்றங்கரை நெடுகக் கண்ணாடிச் சுவர் எழுப்பினார். "ஆறு பார்ப்பதற்கே, தொடுவதற்கு அல்ல" என்று பலகையும் வைத்தார். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்கு எள்ளும் தண்ணியும் எங்கே இறைப்பது என்று ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள்.

"வீட்டுக் குழாயடியில இறைங்க. என் திட்டத்துல அதுக்கு இடமில்ல" என்றவர், சுவரில் வைத்திருந்த ஒரே கதவின் சாவியைக் காவலாளி முத்திருளனிடம் நீட்டினார். "யாரையும் தண்ணிகிட்ட விடாதே."

"பெரிய மனுசங்க வந்தா, சார்?"

"எங்கப்பனே வந்தாலும் விடாதே."

"இவங்களுக்கும் கேக்குற மாதிரி ஒருதடவை சொல்லிருங்க சார்."

ஆணையர் உரக்கச் சொன்னார்.

ஆடி அமாவாசை விடிந்தது. சுவருக்கு வெளியே ஊரே நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் எள்ளும் பிண்டமுமாக ஆணையரே வந்தார்.

"கதவைத் திற. செத்துப்போன எங்கப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும்."

முத்திருளன் கைகட்டி நின்றார். "இன்னிக்கு உங்கப்பா வருவாருன்னுதான் சார் அன்னிக்கே கேட்டேன். அவரையும் விடக் கூடாதுன்னுட்டீங்களே."

ஊரே ஆணையரைப் பார்த்தது. அவர் எள்ளைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் திற" என்றார்.

தை அமாவாசைக்குள் படித்துறை திரும்ப வந்தது. அது தன் சொந்த யோசனை என்று திறப்பு விழாவில் ஆணையர் பேசினார். முதலில் கை தட்டியது முத்திருளன்தான்.