ஆள்காட்டி கத்தும் இடத்தில் முட்டை இல்லை

பறவையும் பாம்பும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி வாயே திறக்காதவள். அப்போது அவளுக்கு நெடுங்காலி என்றுதான் பெயர். கண்மாய்க்கரைப் புதருக்குள் மறைவாக முட்டையிடுவாள்.

முட்டையிடுகிறவளுக்கு அக்கம்பக்கத்தில் ஒருத்தி துணையிருப்பாள். பார்த்ததை வெளியே சொல்லமாட்டாள். அது அங்கே வழக்கம். நெடுங்காலிக்குக் கௌதாரி துணையிருந்தாள். ஈச்சம்புதரில் நாலு முட்டை.

ஒருநாள் நெடுங்காலி தண்ணீர் குடிக்கப் போனாள். கௌதாரியும் கொக்கும் தலையோடு தலை சேர்த்து நின்றார்கள். இவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது.

“என்ன மதினி, என்னைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கிச்சு?”

“மழை வருமான்னு பேசிக்கிட்டிருந்தோம்” என்றாள் கௌதாரி.

நெடுங்காலி அண்ணாந்து பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. மழையாம்! தன் முட்டையைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டாள். புதருக்குத் திரும்பாமல் நேரே தவளையிடம் போனாள்.

“கௌதாரி உங்கிட்ட ஈச்சம்புதரைப் பத்தி ஏதும் சொன்னாளா?”

“இல்லையே. ஏன், அங்க என்ன?”

“ஒண்ணுமில்ல, விடு.”

தவளையின் கண் உருண்டதில் ஏதோ இருந்தது. ஆக, தெரியும். அணிலைப் பிடித்தாள். “நாலுன்னு யாராச்சும் உங்கிட்டச் சொன்னாங்களா?”

“நாலா? எது நாலு?”

அணிலும் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இப்படியே கரை முழுக்கச் சுற்றினாள். உச்சிப்பொழுதுக்குள், ஈச்சம்புதரில் ஏதோ நாலு இருக்கிறதென்று கரை முழுக்கப் பேச்சு. கல்லிடுக்கில் படுத்திருந்த உடும்பு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நடந்தது.

நெடுங்காலி திரும்பியபோது புதரில் ஓடுதான் கிடந்தது. பக்கத்தில் கௌதாரி, சிறகு கிழிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“உடும்போட மல்லுக்கட்டிப் பார்த்தேன் மதினி. முடியல.”

“நீதானே கொக்குகிட்டச் சொன்ன?”

“யாரு முட்டை வெச்சிருக்கான்னு கொக்கு துருவித் துருவிக் கேட்டான். அதான் மழையைப் பத்திப் பேசி மழுப்பினேன். கரை முழுக்கச் சொன்னது யாரு, நீயே யோசி.”

கௌதாரி நொண்டிக்கொண்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் நெடுங்காலிக்குத் துணைக்கு வரவில்லை.

அன்றிலிருந்துதான் நெடுங்காலி ஆள்காட்டியாகி, வெட்டவெளியில், கல்லோடு கல்லாக முட்டையிடுகிறாள். யார் வந்தாலும் தூரப் பறந்துபோய், முட்டை இல்லாத இடத்தில் நின்று கத்தி ஊரைக் கூட்டுகிறாள். முட்டை இருக்கும் இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை.